கால் மட்டும்தான் வரும்

வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது. இந்த டப்பில் இரண்டு காலையும் சேர்த்து வைக்க இடமில்லை, எந்த டப்பிலும் இருந்ததில்லை, ஒன்று ஊறும்போது இன்னொன்று தரையில் காத்திருக்க வேண்டும், வலது கால் முடிந்துவிட்டது, இப்போது இடது கால். கல்லை வைத்துக் குதிகாலைத் தேய்க்கிறேன், வெடிப்பில் எலுமிச்சைச் சாறு பட்டு எரிகிறது. கல்யாணத்துக்குக்கூட இப்படித் தேய்த்ததில்லை. கல்யாணத்தில் என் காலை யார் பார்க்கப்போகிறார்கள், அண்ணிதான் புடவை கட்டிவிட்டாள், "நல்லா இறக்கிக் கட்டுறேன் பிலோ, ஒண்ணும் தெரியாது, நீ பாட்டுக்கு மெதுவா நட" என்றாள், அன்பாகத்தான் சொன்னாள், சர்ச் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கொசுவம் தடுக்கி விழுந்துவிடக்கூடாது மாதாவே என்று அதை மட்டுமே வேண்டிக்கொண்டு போனேன். வேறு நல்ல வேண்டுதல்கள் எத்தனையோ இருந்திருக்கும் அன்றைக்கு. இன்றைக்குத் தஸ்லிமா வருகிறாள், வெயில் சாய்ந்ததும் வருகிறேன் அக்கா, அந்த வெளிச்சம்தான் நல்லா இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள், வந்து என் காலைப் படம் எடுக்கப்போகிறாள், எங்கள் செருப்பைப் போட்ட என் கால், அதை எங்கள் கடையின் வெப்சைட்டில் போடப்போகிறாள். சரி என்று சொன்னது நான்தான். போனில் சொல்லிவிட்டேன். போனில் எதையும் சொல்லிவிடலாம், எதிரில் ஆள் இல்லை, கீழே குனிந்து பார்க்க யாரும் இல்லை.

முன்னறையில் அவர் அட்டையில் தோலை ஒட்டிக்கொண்டிருக்கிறார். சொல்யூஷன் வாசனை திரைச்சீலையைத் தாண்டி வருகிறது, சுத்தியல் இரண்டு தட்டு தட்டி நிற்கிறது, மறுபடி இரண்டு தட்டு. சவரிராஜ் தட்டுகிற தட்டு எனக்குத் தெரியும், மனசு சரியில்லாவிட்டால் மூன்றாவதாக ஒன்று தட்டுவார். காலையிலிருந்து மூன்றாவது தட்டு விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ ஏன் ஒத்துக்கிட்ட என்றும் கேட்கவில்லை, வேண்டாம்னா விட்டுடலாம் என்றும் சொல்லவில்லை, வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து டப்பில் ஊற்றிவிட்டுக் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுப் போய்விட்டார். இந்தக் கடை குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் இருக்கிறது, தேடி வந்தால்தான் தெரியும். பெண்களுக்குப் பெரிய அளவுச் செருப்பு, அது மட்டும்தான் வியாபாரம். எல்லாக் கடைகளிலும் பெண்கள் அளவு எட்டோடு நின்றுவிடுகிறது, என் கால் பத்து. என்னைப் போல இருக்கிறவர்கள் ஆண்கள் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். இங்கே வருகிறவள் நேராக உள்ளே வரமாட்டாள். வாசலில் நின்று "அண்ணனுக்கு ஒரு செருப்பு வேணும்" என்பாள். நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன், "உள்ள வாங்க, பின்னாடி உக்காந்து பாத்துக்கலாம்" என்பேன். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வந்தும் காலை உள்ளுக்கிழுத்துக்கொண்டுதான் உட்காருவாள். அப்போது நான் என் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவேன். அவ்வளவுதான், அவள் தோள் இரண்டும் கீழே இறங்கும், மூச்சு வரும், பேச்சு வரும், மாமியார் கதைவரைக்கும் வரும். இப்படி எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன். ஒருத்தி ஒருத்தியாகக் காட்டுவது வேறு. ஊருக்கே என்றால் வேறு.

ஆனால் தேடி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வந்தவள் சொல்லி அடுத்தவள் வருவது போதவில்லை, ஏனென்றால் வந்தவள் யாரிடமும் சொல்லமாட்டாள், செருப்பு எங்கே வாங்கினாய் என்று கேட்டால் ஏதோ ஒரு கடை என்று சொல்லிவிடுவாள், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் அவரைச் சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். பழைய பழக்கம், அவர் கைவேலை தெரிந்தவர்கள். "போனா வாரத்துக்கு ஒரு தடவை வந்துடுவேன்" என்று சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தார், என்னிடம் சொல்லவில்லை, ரசத்திடம் சொன்னார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் மற்ற நாளெல்லாம் காபியில் பாதி குடித்துவிட்டு மீதியை என் பக்கம் நகர்த்த ஆள் இருக்காது, இத்தனை வருஷமாக எனக்கென்று முழு டம்ளர் காபி நான் போட்டுக்கொண்டதில்லை, எவ்வளவு சர்க்கரை போடுவது என்றே தெரியாது. இந்த மாதிரி அற்ப விஷயத்தையா நினைப்பாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இதைத்தான் நினைத்தேன். கடையை மூடினால் வாசலில் வந்து அண்ணனுக்கு என்று கேட்கப்போகிறவள் இறக்கிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாளே என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அதனால்தான் விளம்பரத்துக்கு ஆள் தேடினோம். முதலில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம், உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது, ஒரு பையன் டை கட்டிக்கொண்டு டீ கொடுத்தான், நல்ல பிள்ளை, "உங்க கஸ்டமர் யாரு மேடம், ஒரே வரில சொல்லுங்க" என்று கேட்டான். காலை மறைத்துக்கொள்கிறவர்கள் என்று வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை, அப்போது நானே காலை நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தேன். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று விதமாகச் செய்து தருவார்களாம். வெள்ளிக்கே எங்கள் கடை தாங்காது. படி இறங்கும்போது இவர் "நகைக்கடைக்கே போயிருக்கலாம் பிலோ, ஒரு மோதிரமாச்சும் மிஞ்சியிருக்கும்" என்றார், நான் சிரித்தேன், அவர் என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார் என்று தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே சிரித்தேன். பிறகு அவரோடு முன்பு வேலை பார்த்தவரின் மச்சான் ஒருவன், மலிவாக ஒரு வெப்சைட் முடித்துத் தருகிறேன் என்றான், முடித்தும் தந்தான். திறந்து பார்த்தால் பெரிய கடற்கரை, அதில் ஒரு வெள்ளைக்காரியின் கால் இரண்டும் வெண்ணெய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, ஐந்து அளவுகூட இருக்காது. கீழே எங்கள் கடைப் பெயர். நாங்கள் போன் அடிக்கும் அடிக்கும் என்று காத்திருந்தோம். மழைக்காலம் முழுக்க ஒருத்தரும் கூப்பிடவில்லை. பார்த்தாயா, யாருக்கும் தேவையில்லை என்று எனக்குள்ளே ஒரு குரல், சந்தோஷமா துக்கமா என்று சொல்லமுடியாத ஒரு குரல், என்னைத் தவிர உலகத்தில் எல்லாருக்கும் அளவான கால்தான்போல என்று.

அப்புறம் ஒருநாள் குணசீலன் வந்தான். தோளில் தண்ணி கேன். தாம்பரத்தில் தண்ணி கேன் போடுகிறவன். நாங்கள் கேன் சொல்லவில்லையே என்றேன். கேனை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செருப்புக் கடை நீங்கதானேம்மா, உங்க போனெல்லாம் எனக்கு வருது" என்றான். அந்த மச்சான் வெப்சைட்டில் எங்கள் நம்பரில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறான். "பொம்பளைங்களா கூப்புடுறாங்க. இது தண்ணி கேனும்மான்னு சொன்னா டக்குனு வெச்சிடுறாங்க. சில பேரு சாரி சாரின்னு என்னமோ தப்பு பண்ண மாதிரி சொல்றாங்க. நேத்து ஒரு அம்மா, பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், மேடை ஏற ஒரு செருப்பு கெடைக்குமான்னு கேட்டாங்க, தண்ணி கேன்னு சொல்ல மனசு வரலை, கடை எங்கன்னு விசாரிச்சு சொல்றேன்னுட்டேன்" என்றான். அந்த நம்பரைத் தாளில் எழுதியும் கொண்டுவந்திருந்தான். நான் அவனுக்கு மோர் கொடுத்தேன். கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த வெள்ளைக்காரி காலையும் மீறி, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில். எடுத்தது ஒரு ஆண் குரல். தண்ணி கேன். பாவம், எவ்வளவு குறுகிப்போயிருப்பார்கள். அந்த நிச்சயதார்த்தப் பெண்ணுக்கு இவர் கண் விழித்துத் தைத்துக் கொடுத்தார், ஜிகினா வைத்து. வெப்சைட்டில் நம்பரை மாற்றலாம் என்றால் அந்த மச்சான் போனை எடுக்கவே இல்லை, பாஸ்வேர்ட் அவனிடம். குணசீலன்தான் சொன்னான், "நான் கேன் போடுற வீட்ல ஒரு பொண்ணு இருக்கும்மா, கம்ப்யூட்டர் படிச்சது, இரட்டைக் குழந்தை பொறந்து வேலையை விட்டுட்டு வீட்ல இருந்தே இதெல்லாம் செஞ்சு குடுக்குது, கேட்டுப் பாருங்க" என்று.

தஸ்லிமா முதல் தடவை வந்தபோது துப்பட்டாவில் பால் கறை இருந்தது, அவளுக்கே தெரியாது, நான் சொல்லவில்லை. ஒரு குழந்தையை மாமியாரிடமும் ஒன்றை மாமனாரிடமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் அக்கா, சீக்கிரம் போகணும் என்று சொல்லிவிட்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தாள். மாதம் அவள் கேட்டது எங்களால் கொடுக்க முடிந்த தொகை. பழையதை விட்டுவிட்டுப் புதிதாகவே போட்டுவிடலாம், அதுதான் மலிவு என்றாள். பிறகு என்னிடம், "அக்கா, நீங்க ஒரு செருப்பு தேடுறீங்கன்னு வைங்க, போன்ல என்னன்னு அடிப்பீங்க?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். நான் தேடினதே இல்லை. எனக்குச் செய்துகொடுக்க இவர் வந்துவிட்டார், அதற்கு முன்னால் போனே இல்லை. இருந்திருந்தால் என்ன அடித்திருப்பேன். இவர் சுத்தியலை நிறுத்திவிட்டார். "பெரிய கால் பொம்பளை செருப்பு" என்றேன் கடைசியில். சொன்னதும் காது இரண்டும் சுட்டது. தஸ்லிமா தலையை நிமிர்த்தாமல் போனில் அப்படியே டைப் அடித்துக்கொண்டாள், "இதேதான் அக்கா, இப்படித்தான் எல்லாரும் தேடுவாங்க, இந்த வார்த்தையை எல்லா எடத்துலயும் வைக்கிறேன், தேடுறவங்களுக்கு நாம முதல்ல வந்து நிக்கணும்" என்றாள். என் வாயிலிருந்து வந்த மிக மோசமான வார்த்தை அவள் கையில் ஒரு உபயோகமான பொருளாக மாறிவிட்டது, இவர் ஒரு துண்டுத் தோலை எடுத்து வாராக மாற்றுவதுபோல. பிறகு கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "வெள்ளைக்காரி வேணாம் அக்கா. உங்க கால்தான் வேணும்."

தண்ணீர் முழுக்க ஆறிவிட்டது. இடது காலை எடுத்துத் துண்டில் வைக்கிறேன், கட்டை விரல் நகத்தில் ஒரு பக்கம் கறுப்பு, அது சின்ன வயதில் அண்ணனின் ஷூவுக்குள் பேப்பர் சுருட்டி வைத்து நடந்த காலத்துக் கறுப்பு. பள்ளிக்கூடத்தில் என் பெயர் படகு. பிலோமினா என்று கூப்பிட்டது சிஸ்டர்கள் மட்டும்தான். வலது கால் இருந்த தரையில் ஈரமாக ஒரு தடம் விழுந்திருக்கிறது, இந்த மாதிரி ஒரு தடத்தைப் பார்த்துத்தான் அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தோம், நான் மேல்தோல் தைக்கிற பக்கம், அவர் கட்டைகள் செய்கிற பக்கம், கட்டை என்றால் ஷூ தைக்கக் கால் மாதிரியே மரத்தில் செதுக்குவது. ஒரு மழை நாளில் பெண்கள் பக்கம் ஒரு பெரிய ஈரத்தடம் போவதைப் பார்த்து எவன் உள்ளே போனான் என்று பின்னாலேயே வந்திருக்கிறார், தடம் என் மெஷினுக்கு அடியில் வந்து முடிந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். நான் செத்துப்போனேன். சில நாள் கழித்து என் சாப்பாட்டுப் பை பக்கத்தில் ஒரு பொட்டலம், உள்ளே ஒரு ஜோடி, மெரூன் நிறம், குறுக்கே மெல்லிசாகப் பின்னல். எனக்குக் கோபம்தான் வந்தது. என் காலை ஒருத்தன் பார்த்திருக்கிறான், பார்த்தது மட்டுமா, ஈரம் காய்வதற்குள் குனிந்து சாண் போட்டு அளந்தும் இருக்கிறான். எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் திருப்பி வைத்தேன். "பிடிக்கலன்னா பரவால்ல. போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க, வலிச்சா எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க, சரி பண்ணணும்" என்றார், ஏதோ வேலை விஷயம் பேசுகிறதுபோல. வலிக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன், அப்புறமும் வலிக்கவில்லை, பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தேன், நடப்பது என்றால் வலிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அதுவரைக்கும்.

ஜெனிட்டா பிறந்தபோது நர்ஸ் முகத்தைக் காட்டினாள், நான் துணியை விலக்கிக் காலைப் பார்த்தேன். அளவான கால். நிம்மதியாக இருந்தது, அதற்குள் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, என்னைத் தனியாக விட்டுவிட்டாளே என்று. இப்போது வேலூரில் படிக்கிறாள், படம் எடுக்கப்போவதைச் சொன்னேன், "போடும்மா, சூப்பரா இருக்கும்" என்றாள், கொஞ்சம் பொறுத்து "கீழ ஏதாச்சும் அசிங்கமா எழுதுவானுங்க, நீ படிக்காத" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதிலிருந்து நான் அவர்கள் எழுதப்போவதையெல்லாம் நானே எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படகு. துடுப்பு. இவ புருஷனை ஒரு மிதி மிதிச்சா. பழைய வகுப்புத் தோழிகள் யாராவது பார்த்து, இது நம்ம படகு இல்ல என்று. முகம் வராது, கால் மட்டும்தான் வரும் என்றாள் தஸ்லிமா. ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் கால்தானே என் முகம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு போன் போட்டு அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னால் இவர் ஒன்றும் கேட்காமல் சொல்லிவிடுவார். அதுதான் பயமாக இருக்கிறது, ஒன்றும் கேட்காமல் சொல்லிவிட்டு அடுத்த வாரம் ராணிப்பேட்டைக்குப் பெட்டியையும் கட்டிவிடுவார்.

ஷட்டர் பக்கம் குரல். "அண்ணே, அக்கா ரெடியா?" வந்துவிட்டாள். துண்டால் விரலிடுக்கெல்லாம் துடைக்கிறேன், துடைத்ததையே துடைக்கிறேன். இவர் திரைச்சீலையை விலக்கிப் புதுச் செருப்பை நீட்டுகிறார், பச்சை, ஓரத்தில் கடுகு நிறத் தையல், எனக்காகவே தைத்தது என்று பார்த்ததும் தெரிகிறது, மாட்டுகிறேன், எங்கே வலிக்குது என்று கண்ணாலேயே கேட்கிறார், எங்கேயும் இல்லை. வாசலில் வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. தஸ்லிமா ஸ்டூலை நகர்த்தி என்னை உட்காரவைத்து, காலடியில் பாயை விரித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனை நீட்டி எடுக்கிறாள், ஒன்று, இன்னொன்று, தெருவில் போகிற யாரும் திரும்பவில்லை என்பதைக் கவனிக்கிறேன். எடுத்ததை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். முகம் சுருங்குகிறது. "அக்கா, இதுல ஒரு பிரச்சினை. பாருங்க." பார்க்கிறேன். பச்சைச் செருப்பில் ஒரு கால். அழகாகத்தான் இருக்கிறது. யார் கால் வேண்டுமானாலும் அதுவாக இருக்கலாம். "பெருசுன்னே தெரியலை" என்கிறாள். "பக்கத்துல ஒண்ணும் இல்லாததால சாதாரண கால் மாதிரி இருக்கு." நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வயதில் என் கால் சாதாரணக் கால் மாதிரி இருந்து நான் பார்த்ததே இல்லை. தனியாக இருந்தால் அது சாதாரணக் கால்தான், பக்கத்தில் இன்னொரு கால் வரும்போதுதான் பெரிதாகிறது. இது ஏன் இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவில்லை. "பக்கத்துல இன்னொருத்தர் கால் இருந்தா நல்லாருக்கும். என்னோடது வெச்சா எடுக்க ஆள் இல்ல" என்று தஸ்லிமா இவரைப் பார்க்கிறாள். "அண்ணே, நீங்க கொஞ்சம் வந்து நிக்கிறீங்களா?"

இவர் கை துடைத்த துணியை மடிக்கிறார். மடித்ததை மறுபடி பிரிக்கிறார். "நானா" என்கிறார். செருப்பைக் கழற்றவில்லை, வெளியே தெருவைப் பார்க்கிறார், எங்கேயாவது ஒரு வேலை வந்து கூப்பிடாதா என்று பார்க்கிற மாதிரி, இந்தப் பார்வையை நான் எங்கே பார்த்திருக்கிறேன், வாசலில் நின்று அண்ணனுக்கு என்று கேட்கிறவர்களிடம். "என் கால் வேணாம்மா. படத்துல சிரிப்பா இருக்கும். ஆம்பளைக்கு அளவு ஆறுல ஆரம்பிக்குது, எனக்கு அஞ்சு" என்கிறார் தஸ்லிமாவிடம், என்னிடம் அல்ல, ரசத்திடம் சொன்ன மாதிரி. "ஸ்கூல்ல பொட்டப்புள்ள காலும்பானுங்க. செருப்பு எடுக்கப் போனா சின்னப் பசங்க பக்கம் அனுப்புவாங்க. அதனாலதான் கட்டை செய்யுற வேலையே கத்துக்கிட்டேன், நாமளே தைச்சுக்கலாம்னு." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். எனக்குத் தெரியும் அவர் கால் சின்னது என்று, தினமும் பார்க்கிற கால், ஜுரம் வந்தபோது பிடித்துவிட்ட கால். தைக்கத் தெரிந்தவர் தனக்குத் தைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைத்தேன். அதை ஒரு கால் என்று நான் யோசித்ததே இல்லை, என்னுடையதை மறைக்கிற வேலையே எனக்கு அவ்வளவு இருந்தது. அந்த மழை நாளில் என் தடத்தின் பக்கத்தில் குனிந்து சாண் போட்டவர், தன் காலையும் அதன் பக்கத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்திருப்பாரா. பார்த்திருப்பார். "வாங்க" என்கிறேன். "ஏங்க, வந்து நில்லுங்க." ஸ்டூலை விட்டு எழுந்து பாயில் பாதியை அவருக்கு விட்டு நகர்ந்துகொள்கிறேன். அவர் செருப்பைக் கழற்றுகிறார், ஒன்று, அப்புறம் இன்னொன்று, வந்து என் பக்கத்தில் நிற்கிறார், சொல்யூஷன் கறை காய்ந்த அவர் சுண்டுவிரல், குளிர்ந்திருக்கிறது, என் சுண்டுவிரலைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது, நான் நகர்த்தி ஒட்டிக்கொள்கிறேன். "அசையாதீங்க" என்கிறாள் தஸ்லிமா, போனைத் தரையோடு வைத்துக்கொண்டு. அசையாமல் இருக்க முடியவில்லை, எனக்குத் தோளெல்லாம் குலுங்குகிறது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "பரவால்லக்கா, மேல என்ன வேணா பண்ணிக்கோங்க, கால் மட்டும்தான் வரும்" என்கிறாள் அவள். பக்கத்தில் அவரும் எப்படியோதான் இருக்கிறார், மூச்சு வேறுமாதிரி வருகிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை, இருவரும் கீழேயே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.